எதற்கெடுத்தாலும் 'அர்ஜெண்ட்'!

காலை எட்டு மணிக்குச் சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அர்ஜெண்ட், ஸார்!" என்பார். தையற்காரரிடம் ரவிக்கை அர்ஜெண்ட். லீவு விண்ணப்பத்தில், 'வீட்டில் அர்ஜெண்ட் வேலை'. காப்பிகூட அர்ஜெண்ட்தான்!

இந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'நெருக்கு, தள்ளு' என்பது அதன் வேர்ப்பொருள். நெருக்குவது காரியம், நெருக்கப்படுகிறவர் நாம். ஆகவே ஆங்கிலத்தில் கடிதம் அர்ஜெண்டாக இருக்கலாம், சிகிச்சை அர்ஜெண்டாக இருக்கலாம். "நான் அர்ஜெண்ட்" என்றால் ஆங்கிலேயர் விழிப்பார். ஓடுகிற மனிதருக்கு, 'இன் எ ஹரி' என்று வேறு பிரயோகம் உண்டு.

நம் 'அவசரம்' இன்னும் வேடிக்கை! வடமொழியில் அதற்குத் தக்க சமயம் என்று பொருள். மலையாளத்தில் அதுவே வாய்ப்பு, தெலுங்கில் தேவை, நமக்கோ பரபரப்பு!

டிரங்க்கால் காலத்தில் ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று தரம் பிரித்திருந்தார்கள். தரம் உயர உயரக் கட்டணமும் உயரும். 'நிஜமாகவே அவசரந்தானா?' என்று பணப்பையே கேட்டுவிடும். தந்தியும் 2013 ஜூலையோடு விடைபெற்றுவிட்டது. இன்று கைப்பேசியில் 'அர்ஜெண்ட்' என்று தட்டுவதற்குத் தனிக் கட்டணம் ஏது? சொல் மலிந்துவிட்டது.

அர்ஜெண்ட் வேறு, முக்கியம் வேறு என்பதை அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவர் 1954-ல் ஒரு பிரசங்கத்தில் எடுத்துக் காட்டினார். சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் ஏரியைத் தூர் வாருவதும் வடிகாலைச் சீர் செய்வதும் முக்கியம். ஆனால் யாரையும் நெருக்குவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வாசற்படி ஏறியபோதுதான் அது அர்ஜெண்ட் ஆயிற்று!

வீட்டிலும் இதே கதைதான். தேங்காய் வாங்கி வர ஓர் அர்ஜெண்ட், டி.வி. ரிமோட் காணோம் என்று ஓர் அர்ஜெண்ட் என ஆபீஸுக்குப் பத்துத் தடவை போன் செய்தால், தாத்தாவுக்கு நெஞ்சு வலி என்ற பதினோராவது போனை எடுப்பார்களா?

ஆகவே, வாசகர்களே, அந்தச் சொல்லைச் சேமித்து வையுங்கள். "அர்ஜெண்ட்" என்பதற்குப் பதில், "மாலை ஐந்து மணிக்குள் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள், காரியம் நடக்கும். நெஞ்சு வலி என்றால் அதையே சொல்லுங்கள். முதலில் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு!