எழுத்தோடு இடர்ப்படும் பிள்ளைகள்

படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் யான் கற்பித்த காலத்தில் மாணவனொருவன் இருந்தான். தந்தையோடு வாவியில் தோணி செலுத்துவதில் வல்லவன். மீனின் விலையை மனத்திலேயே கணக்கிட்டுச் சொல்வான். ஆயின் வாசிப்புப் புத்தகத்தை விரித்தால் நா எழாது. மூன்றாண்டுகள் அவனைச் சோம்பேறியென்றே கொண்டேன், பிரம்பையும் எடுத்தேன். ஒருநாள் அவன் வரவு நின்றது. அவனை நினைந்தே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

அறிவிற் குறைவற்ற பிள்ளை, எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதில் மாத்திரம் இடர்ப்படுதலுண்டு. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் 749ஐ 867ஆல் விரைவிற் பிழையின்றிப் பெருக்கினான். எளிய சொற்களையோ வாசிக்கமாட்டான். போதனை முழுவதும் வாய்மொழியாக நிகழுமாயின் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அவ்வாசிரியரின் கண் எனக்கு வாய்க்கவில்லை. இக்காலத்தார் இவ்விடரை 'டிஸ்லெக்சியா' என்பர்.

தமிழில் எழுதியபடியே வாசிக்கலாமாதலின் நம் பிள்ளைகளுக்கு இவ்விடரில்லை என்பாருளர். அது பொருந்தாது. 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னும் அரவு பின்னும் நிற்க, அவை குறிக்கும் ஒகரமோ ககரத்தின் பின்னரே ஒலிக்கிறது. கடல், பகல், தங்கம் என்பவற்றில் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. நம் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாய்விட்டமையால் எழுதுங்கால் தடுமாற்றம் மிகும். 247 எழுத்துக்களும் இவர்க்கு ஒருங்கே வந்து மோதுகின்றன.

நிற்க. இலங்கையில் விசேட கல்வி 1912இல் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர்க்கான பாடசாலையோடு வேரூன்றியது. 1960களின் பிற்பகுதி தொட்டுச் சாதாரண பாடசாலைகளிலும் விசேட கல்வி இடம்பெறலாயிற்று. ஆயினும் புறத்தே குறையொன்றும் தோன்றாத பிள்ளை பெரும்பாலும் அங்கு சென்று சேர்வதில்லை. கடைசி வாங்கிலேயே இருந்துவிடுகிறான். கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. வாசிக்கவியலாத பிள்ளைக்கு அஃது இன்னும் நீண்ட சிறை.

முதலிற் செய்யற்பாலது கண்ணையும் செவியையும் வைத்தியரைக் கொண்டு சோதித்தல். பின்னர், வகுப்பார் முன்னிலையில் உரக்க வாசிக்குமாறு வற்புறுத்தாது, தனியே சிறிது நேரம் கற்பித்தல். ஓர் எழுத்தை விரலால் வரைந்து, வாயாற் சொல்லி, செவியாற் கேட்டு, அது பதிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். அமெரிக்காவில் ஓர்ட்டனும் கில்லிங்கமும் 1930களில் வகுத்த முறை இதுவே. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் நம் பாட்டன்மார் எழுதிப் பயின்றதும் ஏறக்குறைய இவ்வாறே என்பதை எண்ண நகைப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. விடையை வாயாற் சொல்ல விடுவதும், எழுத மேலதிக நேரம் அளிப்பதும் சலுகையல்ல; கண் மங்கியவனுக்கு மூக்குக்கண்ணாடி போல்வன.

வாவிக் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கும் ஆசிரியர் ஒருவர் அன்று அப்பாடசாலையில் இருந்திருப்பின், அம்மாணவன் வாசித்திருப்பான்.