வீட்டில் பதிந்த பாட்டுக்கு "சூப்பர்" மட்டும் போதுமா?

ஒரு மைக், ஒரு ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாப்ட்வேர். இந்த மூன்றும் இருந்தால், வீட்டின் ஒரு மூலையையே ரெக்கார்டிங் தியேட்டராக மாற்றிவிடலாம். 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆடாசிட்டி இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. மொபைல் போனில் இயங்கும் பேண்ட்லேப் போன்ற புரோகிராம்களும் உள்ளன. பாடலைப் பதிவது எளிதாகிவிட்டது. ஆனால் பதிந்து, இசையையும் குரலையும் கலந்து மிக்ஸ் செய்த பின்னர், அது சரியாக உள்ளதா என்று சொல்ல ஒருவர் வேண்டுமே! தியேட்டரில் அதற்கு சவுண்ட் இன்ஜினியர் இருப்பார். நமக்கு நண்பர்கள் தான் உண்டு.

அவர்களிடம் எப்படிக் கேட்பது, அவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக் கொள்வது என்பதை, நான் பட்டுத் தெரிந்து கொண்ட கதையுடன் இங்கு பார்க்கலாம்.

காணாமல் போன குரல்

என் தங்கையின் திருமண வரவேற்புக்காக அப்பா ஒரு பாட்டு எழுதினார். நான் மெட்டமைத்துப் பாடி, வீட்டிலேயே பதிந்தேன். குரல் விரிந்து கேட்க வேண்டும் என்பதற்காக, எங்கோ படித்த ஒரு வழியைப் பின்பற்றினேன். குரல் ட்ராக்கை இரண்டாக்கி, ஒன்றை இடது பக்கமும் மற்றொன்றை வலது பக்கமும் வைத்து, வலது பக்கத்தை மட்டும் இன்வெர்ட் செய்தேன். ஹெட்போனில் கேட்டால், குரல் தலையைச் சுற்றி மிதந்தது. பத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பத்து பேரும் "சூப்பர்" என்றார்கள்.

மண்டபத்தில் பாட்டைப் போட்டார்கள். தபேலாவும் கீபோர்டும் கணீரென்று கேட்டன. அப்பா எழுதிய வரிகளைத் தான் காணவில்லை! கரோக்கி போலப் பாட்டு ஓடி முடிந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை.

காரணம் மிக எளிது. மண்டபத்தின் ஆம்ப்ளிபையர் மோனோ. இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டித் தான் அது ஒலிக்கும். ஒரு பக்கக் குரல், மறு பக்கக் குரலுக்கு நேர் எதிராக இருந்ததால், கூட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. தவறு முழுவதும் என்னுடையது. பத்து பேரில் ஒருவராவது மோனோவில் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆனால் நான் யாரிடமும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. "எப்படி இருக்கு?" என்று மட்டும் தான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு நண்பர்கள் தரும் பதில் எப்போதும் "சூப்பர்" தான்.

அனுப்பும் முன் கவனிக்க

1. பைல் வகை: சிடி தரத்தில் உள்ள வேவ் பைல், நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.5 எம்.பி. இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாடல் என்றால் 42 எம்.பி. அதையே 320 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் 10 எம்.பி.க்குள் அடங்கிவிடும். கருத்து கேட்க இது போதும். 128 கிலோபிட்டுக்கு இறக்கினால் ஜால்ரா, சிம்பல் போன்ற மேல் ஒலிகள் மங்கலாம். பின் நண்பர் சொல்லும் குறை உங்கள் மிக்ஸில் உள்ளதா, எம்பி3 ஆக மாற்றியதில் வந்ததா எனத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால், டாகுமெண்ட் ஆக இணைத்து அனுப்பவும்.

2. புராஜக்ட் பைல்: நண்பரே மிக்ஸ் செய்து பார்க்க வேண்டும் எனில், ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் பைலாக, எல்லாம் பாடலின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்குமாறு எக்ஸ்போர்ட் செய்து அனுப்பவும். அப்போது தான் அவர் எந்த சாப்ட்வேரில் திறந்தாலும் தாளம் தவறாமல் பொருந்தும். ஆடாசிட்டியின் பழைய பதிப்புகளில் புராஜக்ட் பைல் ஒன்றும், ஒலி வைக்கப்பட்ட போல்டர் ஒன்றும் தனித்தனியே இருந்தன. போல்டரை மறந்துவிட்டு பைலை மட்டும் அனுப்பியவர்கள் பலர். 2021ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே பைலில் அடங்கிவிட்டன.

3. பெயர்: "பைனல்", "பைனல் புதியது", "கடைசி பைனல்" என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டாம். பாடல் பெயர், தேதி, மிக்ஸ் எண் ஆகிய மூன்றும் போதும். நண்பர் எந்த மிக்ஸைப் பற்றிச் சொல்கிறார் என்பதில் குழப்பம் வராது.

4. மோனோ சோதனை: ஆடாசிட்டியில் ட்ராக்ஸ் மெனுவில் மிக்ஸ் பிரிவுக்குச் சென்று, ஸ்டீரியோவை மோனோவாக மாற்றிக் கேட்கவும். மொபைல் போனிலும் அக்சஸபிலிட்டி செட்டிங்ஸில் மோனோ ஆடியோ என்ற வசதி உள்ளது. குரலோ, ஏதேனும் வாத்தியமோ குறைந்தால் உடனே தெரிந்துவிடும்.

சத்தம் ஏமாற்றும்

இரண்டு மிக்ஸ்களை அனுப்பி "எது நல்லது?" என்று கேட்கிறீர்களா? கவனம் தேவை. சற்று சத்தமாக உள்ளதையே காது நல்லது எனத் தேர்ந்தெடுக்கும். குறைந்த சத்தத்தில் அடி ஒலிகளும் உச்ச ஒலிகளும் நம் காதில் குறைவாகவே விழும் என்பதை, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டினார்கள். சத்தம் கூடினால் மிருதங்கத்தின் தொப்பியும் கூடும், ஜால்ராவும் கூடும். பாடலே மெருகேறியது போலத் தோன்றும்.

எனவே இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்த பின்னரே அனுப்பவும். ஆடாசிட்டியில் இதற்கென லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்ற எபெக்ட் உள்ளது. இரண்டு பைல்களுக்கும் மைனஸ் 18 எல்.யு.எப்.எஸ். எனக் கொடுத்தால் போதும். சத்தத்தை ஏற்றி அனுப்பினால் பாட்டு எடுபடும் என்ற எண்ணமும் வேண்டாம். ஸ்பாட்டிபை போன்ற தளங்களே மைனஸ் 14 என்ற அளவை ஒட்டிப் பாடல்களைச் சமன் செய்து தான் ஒலிக்கின்றன.

என்ன கேட்க வேண்டும்?

"எப்படி இருக்கு?" என்பதை விட்டுவிட்டு, இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

* எதில் கேட்டீர்கள்? ஹெட்போனா, போன் ஸ்பீக்கரா, காரா?
* முதல் சரணத்தில் கேட்ட வரிகளை அப்படியே எழுதி அனுப்ப முடியுமா?
* எந்த இடத்தில் கவனம் சிதறியது? நிமிடம், நொடியுடன் சொல்லவும்.

இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. பாடியவருக்கு வரிகள் மனப்பாடம். குரல் இசையில் அமுங்கியிருந்தாலும், விட்டுப் போனதை அவர் மனமே நிரப்பிக் கொள்ளும். அதனால் தான் வீட்டு மிக்ஸ்களில் குரல் குறைவாகவே நின்றுவிடுகிறது. வரிகள் தெரியாத ஒருவர் எழுதி அனுப்பும்போது, எந்தச் சொல் விழுங்கப்பட்டது என்பது பளிச்செனத் தெரியும். இதற்கு இசை தெரிந்தவர் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரே போதும்.

கேட்கும் கருவியும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. 1978ல் வீட்டு உபயோகத்திற்கென யமஹா வெளியிட்ட என்எஸ்-10 ஸ்பீக்கர், உலகெங்கும் ரெக்கார்டிங் தியேட்டர்களில் இடம் பிடித்தது. குறைகளை மறைக்காமல் காட்டிக் கொடுத்ததே அதற்குக் காரணம். நம் வீட்டில் அந்த வேலையைப் பழைய மொபைல் போன் செய்துவிடும்.

நண்பர் மொழியைப் புரிந்து கொள்ள

நண்பர்கள் ஹெர்ட்ஸ் கணக்கில் பேசமாட்டார்கள். அவர்கள் சொல்வதை ஈக்வலைசரில் எங்கு தேடலாம் என்பதற்கு ஒரு குறிப்பு:

* "கொழகொழவென்று இருக்கு": 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. வாத்தியங்களில் சிறிது குறைக்கவும்.
* "டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல இருக்கு": 400 முதல் 600 வரை. சிறிய அறையில் பதிந்தால் இது வரும். மைக்கின் எதிரே போர்வையைத் தொங்கவிட்டு மீண்டும் பதிவதே நல்லது.
* "காதைக் குத்துது": 2,000 முதல் 5,000 வரை. காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி இது.
* "ஸ், ஷ எல்லாம் சீறுது": 5,000 முதல் 8,000 வரை. டீ-எஸ்ஸர் எபெக்ட் உதவும்.
* "பின்னால் ம்ம்ம் என்று கேட்குது": நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பார்க்கவும். மின்விசிறியையும் நிறுத்திவிடவும்.

இவை தொடங்கும் இடங்கள் மட்டுமே. ஓரிரு டெசிபல் குறைத்துப் பார்த்து, காது சொல்வதைக் கேட்கவும்.

நீங்கள் கருத்து சொல்லும்போது

மற்றவர் அனுப்பும் பாட்டுக்கும் இதே மரியாதையைக் கொடுங்கள். முதல் முறை எதையும் தேடாமல் பாட்டாகக் கேளுங்கள். இரண்டாம் முறை குறிப்பெடுங்கள். "குரல் சரியில்லை" என்பது எதிரே இருப்பவரின் மனதைத் தான் உடைக்கும். "1 நிமிடம் 20 நொடியில் கீபோர்டு வந்ததும் குரல் அமுங்குகிறது" என்றால், அவர் கை உடனே மவுசுக்குப் போகும். வெளிவராத பாட்டை அவர் அனுமதியின்றி வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வந்த கருத்துகள் எல்லாவற்றையும் அப்படியே செய்யவும் வேண்டாம். மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கு குறை இருக்கிறது என்று பொருள். அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் குரல் குறைவு என்றும், மற்றவர் அதிகம் என்றும் சொன்னால், முதலில் அவர்கள் எதில் கேட்டார்கள் என்று பாருங்கள்.

திருமணம் முடிந்த மாதமே அந்தப் பாட்டை மறுபடி மிக்ஸ் செய்தேன். குரலை நடுவில் வைத்தேன், மோனோவில் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரரை வரிகளை எழுதச் சொன்னேன். பிறகு அப்பாவின் போனுக்கு அனுப்பினேன். போனைக் காதருகே வைத்து முழுவதும் கேட்டவர், "இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டாய்" என்றார். அதுவரை வந்த கருத்துகளிலேயே உருப்படியானது அது தான். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கிறதே!

உங்கள் அடுத்த பாடலை அனுப்பும்போது, அதனுடன் மூன்று கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். வரும் பதில்களில் எத்தனை வேறுபாடு என்பதை நீங்களே காண்பீர்கள்.