சோளக்காட்டுச் சந்தையும் நம் வீட்டுச் சோற்றுப் பானையும்

"கூழானாலும் குளித்துக் குடி" என்பது நம் முன்னோர் வாக்கு. தூய்மையின் சிறப்பை எடுத்துரைக்கவே இப்பழமொழியைச் சொல்கிறோம். ஆயினும் இதனுள் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கூழ் என்பது ஏழை எளியவர் உணவு என்ற எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வந்தது என்பதே அது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கூழுக்கும் களிக்கும் உரிய தானியங்கள் நகரத்துக் கடைகளில் அழகிய பைகளில் அடைபட்டு, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஆனால் அவை விளைந்த மலைகளிலோ, பல வீடுகளின் அடுக்களையில் அவற்றைக் காண்பது அரிதாகிவிட்டது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? இதற்கு யார் காரணம்? கொல்லிமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மலைமேல் ஒரு சந்தை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அவ்வாறு ஏறி வந்தவுடன் வரவேற்கும் ஊர் சோளக்காடு. 'மலையாளி' என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் இம்மலையில் வாழ்கின்றனர். இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் மலைவாழையும் மிளகும் காப்பிக் கொட்டையும் விலை போகின்றன. பலாக் காலத்தில் கமகமவென்று மணம் வீசும். சுற்றுலா வருவோர்க்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் கிடைக்கும்.

சோளக்காடு என்ற பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'காடு' என்றால் இப்பகுதி உழவர் வழக்கில் மானாவாரி நிலம். சோளம் விளையும் நிலம் என்ற பொருள் அப்பெயரிலேயே ஒலிக்கிறது. பெயரில் தானியம் இருக்கிறது. சந்தையில் கண்ணைக் கவர்வனவோ பழமும் மிளகும் காப்பியும்! வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை கீழிருந்து மலையேறி வருகின்றன. மலையில் விளைவது கீழே இறங்குகிறது. மலைமக்கள் உண்பது மேலே ஏறுகிறது.

முன்னாளில் உண்டது என்ன?

ஒரு காலத்தில் இம்மலைச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவை செழித்து விளைந்தன. ஒரே சாமையில்கூடப் பல வகை உண்டு: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை முதலியன. தினையில் செந்தினை, மூக்கன் தினை. கேழ்வரகில் சுரட்டைக் கேழ்வரகு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மண், ஏற்ற பருவம், ஏற்ற பக்குவம் ஆகியவற்றை மலைமக்கள் அறிந்திருந்தனர். பள்ளப்பாங்கான இடங்களில் நெல்லும் பயிரிட்டனர். ஆனாலும் அன்றாடம் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கூழுமே உணவு. துவரை, அவரை, மொச்சை இவற்றால் ஆன குழம்பும் கீரையும் துணைக்கு வரும்.

இப்பயிர்களுக்குப் பாசன நீர் வேண்டுவதில்லை; மழை போதும். கேழ்வரகை நன்றாகக் காயவைத்துச் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி அரிக்காமல் இருக்கும். பஞ்சம் வந்தாலும் குதிரில் இருக்கும் தானியம் குடும்பத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது.

மரவள்ளி வந்த கதை

மரவள்ளிக் கிழங்கு நம் நாட்டுப் பயிர் அன்று. தென்அமெரிக்காவில் தோன்றிய இதனைப் போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மக்கள் பசி தீர இதனைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் தடைப்பட்டன. அப்போது, 1940களில், சேலம் வட்டாரத்தில் மரவள்ளியிலிருந்து அவற்றைத் தயாரிக்கும் தொழில் தொடங்கி வளர்ந்தது. உற்பத்தியாளர்களுக்கென்று 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981இல் சேலத்தில் ஏற்பட்டது.

ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. மலைமக்களுக்குக் கைக்காசு வேண்டியிருந்தது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, துணிமணி எல்லாவற்றுக்கும் பணம் தேவையல்லவா? சாமை நிலங்கள் மெல்ல மெல்ல மரவள்ளி நிலங்களாயின. கொல்லிமலைச் சரிவில் விளையும் கிழங்கு கீழே ஆலைக்குச் சென்று வெண்முத்துப் போன்ற ஜவ்வரிசியாகிறது. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பங்கு மராட்டியம் முதலிய மாநிலங்களுக்குச் சென்று, அங்கே நோன்பு நாட்களில் கிச்சடியாகிறது. நம் மலைக்கும் அந்த வீடுகளுக்கும் இப்படி ஓர் உறவு!

இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. காசு கைக்கு வந்தது நன்மை. ஆனால் விலையை நிர்ணயிப்பவர் மலையில் இல்லை. விலை வீழ்ந்தால், தானியம் விளைந்த நாளில் போல அதனைக் குதிரில் கொட்டி வைத்து உண்ண முடியாது. தோண்டிய கிழங்கு சில நாட்களில் கெட்டுவிடும். சரிவு நிலத்தில் ஆண்டுதோறும் கிழங்கு தோண்டுவதால் மண் அரிப்பும் மிகுதியாகிறது.

அரிசி செய்த நன்மை

மற்றொரு பெரும் மாற்றம் நியாயவிலைக் கடை அரிசி. தமிழ்நாட்டில் 2008 முதல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி வழங்கப்பட்டு வருகிறது. இதனைக் குறை கூறுவது அறியாமை. பசியோடு உறங்கிய எத்தனையோ குழந்தைகளின் வயிற்றை நிரப்பியது இந்த அரிசியே. நெல்லுச் சோறு என்பது பண்டிகை நாளில் மட்டும் கிடைத்த அக்காலத்தைக் கண்ட முதியோர், அது நாள்தோறும் கிடைப்பதை ஒரு பேறாகவே கருதுவர். ஆனால் விலையில்லா அரிசி வீடு தேடி வரும்போது, பாடுபட்டுச் சாமை விளைவிப்பானேன் என்ற எண்ணமும் இயல்பாகவே எழும்.

உலக்கையின் சுமை

பணப்பயிர், விலையில்லா அரிசி ஆகிய இவ்விரண்டு காரணங்களைப் பலரும் கூறுவர். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அது பெண்ணின் உழைப்பு.

கேழ்வரகின் மேலுறை எளிதில் நீங்கிவிடும். கதிரடித்துத் தூற்றினால் அப்படியே மாவாக அரைக்கலாம். சாமையும் தினையும் வரகும் பனிவரகும் அப்படியல்ல. கடினமான உமி மணியை இறுகப் பற்றியிருக்கும். அதனை உரலில் இட்டு உலக்கையால் குற்றி, முறத்தில் புடைத்து, மீண்டும் குற்றி, மீண்டும் புடைக்க வேண்டும். ஒருநாள் சோற்றுக்கு மணிக்கணக்காகக் கை ஓயாமல் குற்ற வேண்டும். நெல்லுக்கு ஆலை வந்தது. பெண்கள் மூச்சு விட்டனர். ஆனால் நெல்லரைக்கும் இயந்திரத்தில் மிகச் சிறிய இந்த மணிகளைக் குற்ற இயலவில்லை. அவை நொறுங்கும், அல்லது உமியோடு வெளிவரும். ஆகவே சிறுதானியம் சமைப்பதென்றால் உலக்கையைத் தூக்கு என்றே பொருள்.

காட்டு வேலை, விறகு, தண்ணீர், குழந்தைகள் எல்லாவற்றையும் சுமந்த தாய், கழுவி உலையிலிட்டவுடன் வெந்துவிடும் அரிசியைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பென்ன? "இக்காலப் பெண்களுக்குச் சோம்பல், அதனால்தான் நல்ல உணவு மறைந்தது" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வோருள் எத்தனை பேர் உலக்கை பிடித்தவர்கள்? உண்டவர் அனைவரும் சுவையை நினைவில் வைத்திருக்கிறார்கள்; குற்றியவளோ தன் தோள்வலியை நினைவில் வைத்திருக்கிறாள்.

இயந்திரம் தந்த விடுதலை

இந்த உண்மையை உணர்ந்து செயல்பட்டது சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய இவ்வமைப்பு, 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டு வந்துள்ளது. உழவர்களோடு சேர்ந்து பழைய விதை வகைகளைத் திரட்டி, ஊர் விதை வங்கிகளில் சேமித்தது. அதோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மலை ஊர்களில் நிறுவி, மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. சாமை ரவை, தினை மாவு, கேழ்வரகு மால்ட் முதலியவற்றைத் தயாரித்து விற்கவும் பெண்களுக்குப் பயிற்சி தந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய உணவு திரும்பி வரவேண்டுமானால், பழைய சுமையும் அதனோடு திரும்பி வரக்கூடாது. அறிவுரை சொல்வதால் மட்டும் அடுக்களை மாறாது. கை வேலை குறைய வேண்டும், விளைவித்தவர்க்கு நியாயமான விலையும் கிடைக்க வேண்டும்.

உலகமும் இப்போது இதனை உணர்ந்திருக்கிறது. இந்தியாவின் வேண்டுகோளை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடை வழியே, விரும்புவோருக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது.

சத்து என்ன சொல்கிறது?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான். நார்ச்சத்து அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சாமையில் 7 கிராமுக்கு மேல். கேழ்வரகில் 11 கிராம். மரவள்ளிக் கிழங்கிலோ புரதம் ஒரு கிராம் அளவே. அதனால்தான் கேரளத்தில் அதனை மீன் குழம்போடு உண்கிறார்கள். நாம் பயறு, மொச்சை சேர்த்து உண்ணலாம். மரவள்ளியைத் தோல் சீவி, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நிறைய நீர் விட்டு வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது. அதில் நச்சுத்தன்மை உண்டு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அன்பு மாணவியரே, இந்தக் கணக்கில் உள்ளவர்கள் உங்கள் வயதினர்! ஒரு தானியம் மட்டும் இக்குறையைப் போக்கிவிடாது. கீரை, பயறு, முட்டை ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீரும் காப்பியும் பருகினால் அது சேர்வது தடைப்படும். பள்ளியில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

சாமை வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத் தேடாதீர்கள். உமியை மட்டும் நீக்கியது சற்றே மங்கிய நிறமாக இருக்கும். அதில்தான் தவிடும் சத்தும் உண்டு. வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் அதற்கும் அரிசிக்கும் வேறுபாடு குறைந்துவிடும். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நெடுநாள் வைத்தால் காறிக் கசப்புத் தட்டும். எனவே மாதத் தேவைக்கு மட்டும் வாங்குவது நல்லது. சாமையைக் கழுவிச் சிறிது நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் நீர் விட்டால் பொலபொலவென்று வேகும்.

'சிறுதானிய பிஸ்கட்', 'சிறுதானிய நூடுல்ஸ்' என்று உறையின் முகப்பில் எழுதியிருந்தால், உடனே உறையைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் மிகுதியோ அதனையே முதலில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். மைதா முதலில் இருந்தால், சிறுதானியம் பெயருக்கு மட்டுமே என்று அறிந்துகொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு நாட்களேனும் களியோ கூழோ சாமைச் சோறோ வீட்டில் இடம்பெறட்டும். ஆனால் அந்த வேலை முழுவதும் தாயின் தலையில் விழ வேண்டாம். களி கிண்டத் தந்தையின் கை வலுவானது. கீரை ஆய மகனுக்கும் விரல்கள் உண்டு. மாணவியரே, உங்கள் பாட்டியிடம் சென்று சாமைச் சோற்றின் சுவையைக் கேளுங்கள். அதோடு, அதைக் குற்றியவர் யார் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். விதையைச் சேமிக்க வங்கி இருக்கிறது. பாட்டிமார் பட்ட பாட்டைச் சேமித்து வைக்க நீங்கள்தாம் இருக்கிறீர்கள்.