கால் வழுக்கினா கரகம் காலி! தரைக்குத் தரை மாறும் 'சுத்து' வித்தை

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட கிராமங்களில் பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் அம்மன் கோவில் திருவிழாதான். நையாண்டி மேளம் முழங்க, கரகாட்டக் கலைஞர்கள் 'கிர்ர்'னு சுத்தும்போது கூட்டத்தில் விசில் பறக்கும். பார்ப்பவர்கள் கண்ணெல்லாம் தலையில் இருக்கும் கரகத்தின் மேல். ஆடுபவரின் கவனமோ காலுக்குக் கீழே. சுத்து சரியா நிக்கிறதும், சறுக்குறதும் தரையைப் பொறுத்தது!

ஒரே ராத்திரியில் கோவில் வாசல் மண் தரை, தெருவில் சிமெண்ட் ரோடு, கடைவீதியில் தார் ரோடு, கடைசியில் மேடை என்று நாலு தரையில் வெறுங்காலோடு ஆட வேண்டி வரும். நாலுக்கும் நாலு விதமாக கால் போட வேண்டும்.

பிடிச்சாலும் ஆபத்து

வழுக்கும் தரைதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். பிடிக்கும் தரையும் ஆபத்துதான். சொரசொரப்பான சிமெண்ட், தார் ரோட்டில் பாதம் அப்படியே ஒட்டி நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் மூட்டுக்குப் போகும். ஜவ்வு கிழியக்கூட வாய்ப்பு உண்டு. இந்தத் தரையில் ஒரே காலை ஊன்றி சுத்தக் கூடாது. சின்னச் சின்ன அடியாக காலை எடுத்து எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

இந்தப் பக்கத்து கரிசல் மண் காய்ந்தால் வெடிப்பு விட்டு காலை வாரும். ஈரமானால் பசை மாதிரி ஒட்டும். மஞ்சள் தண்ணி ஊற்றிய இடம் என்றால் சேறாகி வழுக்கவும் செய்யும். கங்கைகொண்ட சோழபுரம் போல கருங்கல் பாவிய கோவில்களில் கல் மீது விளக்கு எண்ணெய் சிந்தியிருந்தால் சொல்லவே வேண்டாம். அங்கே வேகத்தைக் குறைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பாதம் முழுவதையும் பதித்து ஆடுவதே பாதுகாப்பு.

மேடை என்றால் தார்ப்பாய், கார்பெட் மடிப்புதான் எமன். மடிப்பில் கட்டை விரல் மாட்டினால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான்.

வேகம் கூடுவதும் குறைவதும்

கையை உடம்போடு சேர்த்தால் சுத்து வேகம் கூடும். கையை விரித்தால் குறையும். நிறுத்த நினைத்ததும் கையை விரித்து, மறு காலை அகட்டி ஊன்றினால் உடம்பு நிலைக்கு வந்துவிடும். பரதநாட்டியத்திலும் இதே கணக்குதான். சுத்துக்கு அங்கே 'பிரமரி' என்று பெயர். 'அபிநய தர்ப்பணம்' நூலில் 7 வகை பிரமரி சொல்லப்பட்டுள்ளது. ஒற்றைக் காலில் சுற்றும் 'ஏகபாத பிரமரி' அதில் ஒன்று.

தலை சுத்தாமல் இருக்க, மேடை நடனக்காரர்கள் ஒரே இடத்தைப் பார்த்தபடி தலையை வெடுக்கென்று திருப்புவார்கள். கரகம் ஏந்தியவர் அப்படிச் செய்தால் சொம்பு கீழே வந்துவிடும்! எனவே கழுத்து அசையாமல் சின்ன அடி வைத்தே முழு வட்டத்தையும் முடிக்க வேண்டும். சொம்பில் இருக்கும் கனம் அது சட்டென ஆடாமல் இருக்க உதவும். ஆனால் கால் ஒரு தடவை சறுக்கினால் அந்தக் கனமே எதிரி.

10 நிமிஷம் போதும்

கரகாட்டக் கலைஞர்கள் பலருக்கும் வருஷ வருமானத்தில் பெரும்பகுதி இந்த சில மாசத்தில் வருவதுதான். சீசன் நேரத்தில் மூட்டு பிசகினால் ஆட்டம் போச்சு, கூலியும் போச்சு. அடுப்பு எரிவதும் சந்தேகம்தான்.

இதைத் தவிர்க்க பெரிய செலவு ஒண்ணும் இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் விழாக்குழுவினர் 10 நிமிஷம் ஒதுக்கி கல், கண்ணாடித் துண்டு, தேங்காய் ஓடு பொறுக்கி, ஜல்லியைக் கூட்டித் தள்ளலாம். எண்ணெய் சிந்திய இடத்தில் மணல் தூவி, துடைத்து எடுக்கலாம். கார்பெட்டை இழுத்துக் கட்டலாம். கலைஞர்களும் கரகத்தைத் தலையில் ஏற்றும் முன், வெறுமனே ரெண்டு சுத்து சுத்தி தரையைச் சோதித்துப் பார்த்துக் கொள்வது நல்லது.

தரை சரியா இருந்தா, கரகமும் நிக்கும். கலைஞர் வீட்டு அடுப்பும் எரியும்!