இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்றொரு சிறிய ஊர். அங்கிருந்து மரப்பெட்டிகளில் விமானம் கிளம்புகிறது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அனுப்பும் அலுமினியத் தகடுகள், விலாக்கள், ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். வாங்கியவர் அவற்றைத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பிரித்து, வரைபடத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போகிறார். இப்படி உருவாகிப் பறந்த ஆர்.வி. ரக விமானங்கள் 11,000க்கும் மேல். வேலையின் பெரும்பகுதியை, சொந்தக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, காசு வாங்காமல் செய்திருக்க வேண்டும் என்பது அரசு போடும் முக்கிய நிபந்தனை.

தகரவேலை பயமுறுத்தும், ஆனால் ஆளைக் கைவிடாது. எந்தத் துளையில் எந்த ரிவெட் என்பது வரைபடத்தில் இருக்கிறது, துளைகளையும் கம்பெனியே போட்டு அனுப்பிவிடுகிறது. சிக்கல் அதற்கப்புறம். பெரும்பாலான கிட் பெட்டிகளில் இன்ஜின் கிடையாது, ரேடியோ கிடையாது, விமானியின் எதிரே இருக்கும் திரைகளும் கிடையாது. எதை வாங்குவது, எங்கே பொருத்துவது, எந்த ஒயர் எங்கே போவது என்பதெல்லாம் கட்டுகிறவர் பாடு. அதுவரை சொன்னதைச் செய்துவந்த மனிதர் ஒரே நாளில் வடிவமைப்பாளராகிவிடுகிறார். "தொண்ணூறு சதவீதம் முடிந்தது, இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி" என்று இவர்களுக்குள் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. அந்த இரண்டாவது தொண்ணூறில் பெரும்பங்கு ஒயருக்குத்தான்.

கார்மின் ஜி3எக்ஸ், டைனான் ஸ்கைவியூ போன்ற திரைகளைத்தான் எல்லோரும் படமெடுத்துக் காட்டுவார்கள். சொந்தமாகக் கட்டும் விமானத்துக்குச் சான்றளிக்கப்பட்ட கருவிதான் வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லாததால் இவை மலிவாகக் கிடைக்கின்றன. திரைக்குப் பின்னால்தான் விஷயம்: விமானத்தின் சாய்வை உணரும் பெட்டி, இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் வெப்பம் பார்க்கும் முனைகள், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் தானியங்கி ஓட்டுநருக்கான மோட்டார்கள். இவற்றில் பல, முறுக்கிய இரட்டை ஒயர் ஒன்றின் வழியே தமக்குள் பேசிக்கொள்கின்றன. அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் தரையில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, எப்போதாவது மட்டும் தகராறு செய்யும். முழுசாகச் செத்துப்போகும் கோளாறைவிட இந்த மாதிரிக் கோளாறு ஆளைக் கொன்றுவிடும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. ஒயரை இங்கே யாரும் தொடுவதில்லை. எரிந்தால் வரும் நச்சுப்புகை, இரண்டு பேர் ஒட்டி உட்காரும் சின்ன அறைக்குள் என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும். டெஃப்செல் உறை போட்ட, 150 டிகிரி செல்சியஸ் தாங்கும் ஒயர்தான் வழக்கம். உள்ளே வெள்ளீயம் பூசிய 19 மெல்லிய செம்பு இழைகள். முனையில் ஈயம் வைப்பதைவிட, உலோக முனையை அழுத்திக் கவ்வவைக்கும் கிரிம்ப் அடிப்பதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். காரணம் அதிர்வு. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். அதுவரை கம்பி விறைப்பு, அதற்குமேல் நெகிழ்வு. இன்ஜின் அதிரும்போது அந்த எல்லையிலேயே மடங்கி மடங்கி அறுந்துபோகும். தாங்கல் கொடுத்தால் ஈயமும் நிற்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் நல்ல கிரிம்ப் கருவி கடைசிவரை அழுத்தாமல் வாயைத் திறக்காது. பத்தாவது முனையும் இருநூறாவது முனையும் ஒரே மாதிரி வரும். களைத்துப்போன கைக்கு அந்த உத்தரவாதம் பெரிய உதவி.

ஃபியூஸ் விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். அது காப்பாற்றுவது கருவியை என்று நினைத்துக்கொள்வார்கள். அது காப்பது ஒயரை. 22 கேஜ் ஒயருக்கு 5 ஆம்பியர் என்றால், எதிர்முனையில் எவ்வளவு விலையுயர்ந்த ரேடியோ இருந்தாலும் கணக்கு மாறாது.

எர்த் அடுத்த தலைவலி. உடம்பு முழுக்க அலுமினியம், எங்கே வேண்டுமானாலும் நெகடிவைத் திருகிவிடலாம் என்று தோன்றும். திருகினால் ஹெட்செட்டில் ஆல்டர்னேட்டரின் ரீங்காரம் கேட்கும். இன்ஜின் வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறும். அதனால் கருவிகளின் நெகடிவ் எல்லாவற்றையும் இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தீத்தடுப்புச் சுவரில் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மைக்கும் ஹெட்செட்டும் செருகும் ஜாக்குகள் உலோகத்தைத் தொடாதபடி மின்காப்பு வாஷர் போடுகிறார்கள். ஒலி ஒயரின் மேலுள்ள பின்னல் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்கிறார்கள். கான்சஸைச் சேர்ந்த பாப் நக்கல்ஸ் எழுதிய 'தி ஏரோஎலெக்ட்ரிக் கனெக்‌ஷன்' நூலை வைத்துத்தான் ஒரு தலைமுறையே இதைக் கற்றது. எதுவும் பழுதாகாது என்று நம்பாதே, எது பழுதானாலும் வீடு வந்துசேரும்படி அமை என்பது அவர் கட்சி. ஆல்டர்னேட்டர் நின்றுபோனால், அவசியமான கருவிகளுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து தனிவழியில் மின்சாரம் போக வேண்டும் என்று அவர் வரைந்த படங்கள் பல விமானங்களில் இன்று ஒயராகியிருக்கின்றன.

திசை காட்டும் காந்த உணரி ஒரு தனிப் பிறவி. பக்கத்தில் இரும்புத் திருகு ஒன்று இருந்தாலே கோபித்துக்கொள்ளும். அருகில் விளக்கின் ஒயர் ஓடினால், சுவிட்சைப் போட்டதும் விமானம் திரும்பாமலே திசை திரும்பிவிடும். அதை இறக்கை நுனியிலோ வால்பக்கத்திலோ ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

இத்தனையும் செய்யும்போது கட்டுகிறவர் மல்லாந்து படுத்திருப்பார். முதுகில் இருக்கையின் குறுக்குச் சட்டம் குத்தும், தலை ரட்டர் பெடல்களுக்கு நடுவில், கண்ணில் அலுமினியத் துகள். ஒயர் கட்டுகளை மெழுகுநூலால் பூத்தொடுப்பது மாதிரி முடிச்சிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் டையின் வெட்டிய முனை கையைக் கிழிக்கும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். தகட்டில் துளை வழியே ஒயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் விளிம்பு உறையை அறுத்துவிடும். முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும் நாளில் விவரமானவர்கள் கருவிகளைக் கழற்றிவைத்து, ஃபியூஸ்களையும் உருவிவிட்டு, மல்டிமீட்டரோடு ஒவ்வொரு வழியாகத் திறப்பார்கள்.

இத்தனை கவனமும் எதற்கு? 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற ஸ்விஸ்ஏர் 111 விமானம் கனடா அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். மேற்கூரைக்குள் ஒயரில் எழுந்த மின்பொறி காப்புப் போர்வையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. அந்தப் பொறியோடு தொடர்புபடுத்தப்பட்டது, விமானம் தயாராகிப் பல வருடம் கழித்துச் சேர்த்த பொழுதுபோக்குச் சாதனத்தின் ஒயர். பெரிய கம்பெனி, பெரிய விமானம். பின்னால் ஒட்டிய ஒயருக்கு அதெல்லாம் தெரியாது.

கார் ஷெட் விமானத்தில் பின்னால் ஒட்டுவது இன்னும் அதிகம். கட்டியவர் விற்கிறார், வாங்கியவர் புதுத்திரை மாட்டுகிறார். வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 2011இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படிக் கைமாறியவை என்றது. காரணம் ஒயர்தான் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் மின்னணு இக்னிஷன் வந்துவிட்ட காலத்தில், பேட்டரி இல்லாமலே பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ இல்லாத இன்ஜினுக்கு மின்சாரம் நின்றால் மூச்சும் நிற்கும்.

இன்னொன்று: தன் விமானத்தை வருடாந்தரச் சோதனை செய்யும் உரிமம் கட்டியவர் பெயரில் வருவது, விமானத்தோடு கைமாறாது. அடுத்த சொந்தக்காரர் பெரும்பாலும் உரிமம் பெற்ற மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்கும். முன்பின் பார்த்திராத அந்த மெக்கானிக் பேனலைத் திறக்கும்போது, எண் ஒட்டாத இருநூறு வெள்ளை ஒயர்கள் தொங்கினால் அவரால் என்ன செய்ய முடியும்?

ஆகவே யாராவது ஆர்.வி. ஒன்றை விலைக்குக் காட்டினால், திரை எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். ஒயரிங் வரைபடத்தைக் கேளுங்கள். எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், பேனலை முழுசாகப் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.