தோட்டத்தை எழுதிக் கொடுக்கும் முன்...

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பல குடும்பங்களில் இன்னொரு பேச்சு தொடங்குகிறது. "இனி என்னால் மேடு ஏற முடியாது. தோட்டத்தைப் பையன் பெயருக்கு மாற்றிவிடலாம்" என்கிறார் பெரியவர். மாற்றுவதில் தவறில்லை. ஆனால் மாற்றும் விதத்தில்தான் அவருடைய மீதிக் காலத்துச் சாப்பாடும் மருந்தும் அடங்கியிருக்கின்றன.

இரண்டு ஏக்கரில் அரபிகா காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் வைத்திருக்கும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பிக் காசு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. மிளகுக் காசும் அப்படியே. இரத்த அழுத்த மாத்திரையோ மாதந்தோறும் வேண்டும். மலையிறங்கிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் செலவும் துணைக்கு ஆளும் வேண்டும். படுத்துவிட்டால் வீட்டில் ஒருவர் வேலையை விட்டு உடனிருக்க வேண்டும். நிலம் கைமாறிய பின் இதையெல்லாம் யார் பார்ப்பது என்பது வாய்ப்பேச்சோடு நிற்கக் கூடாது.

உயிலா, செட்டில்மெண்டா?

உயில், எழுதியவர் காலத்துக்குப் பின்னரே நடப்புக்கு வரும். அதுவரை நிலம் அவருடையதே. விரும்பினால் ரத்து செய்து வேறு எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் அவசியம். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்தால் பின்னால் தகராறு குறையும்.

தான செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் உரிமை கைமாறிவிடும். நிபந்தனையின்றி எழுதிவிட்டால், மனம் மாறியது என்பதற்காக மட்டும் திரும்பப் பெற இயலாது.

மகன் பெயரில் இப்போதே மாற்ற வேண்டிய தேவை இருந்தால், பத்திரத்தில் மூன்று விவரங்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று, எழுதிக் கொடுப்பவரும் அவர் மனைவியும் ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருந்து, தோட்ட வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. இரண்டு, உணவு, உடை, மருத்துவம், துணை ஆகியவற்றைப் பெறுபவர் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை. மூன்று, அதில் தவறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்பது.

சட்டம் தரும் பாதுகாப்பு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் இயற்றப்பட்டது. பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் கவனிக்கத் தவறினால், 60 வயது நிறைந்தவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். இச்சட்டத்தின் 23-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும். தவிர, மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். பிள்ளையில்லாத அத்தை, சித்தப்பா போன்றோர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையவிருக்கும் வசதியுள்ள உறவினரிடம் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

நிபந்தனை ஏன் முக்கியம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் காட்டும். 2022 டிசம்பரில் வந்த வழக்கில், பராமரிப்பு நிபந்தனை இருந்ததாகக் காட்டப்படாததால் பத்திர ரத்து நிற்கவில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், கடைசிவரை கவனிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. தாய்க்குச் சொத்து திரும்பியது. எழுத்தில் இருந்த நிபந்தனைதான் அவரைக் காத்தது.

மலையாளி மக்கள் கவனிக்க

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆகவே எதுவும் எழுதாமல் கணவர் காலமானால், மனைவிக்கும் பெண் மக்களுக்கும் பங்கு கிடைப்பதில் தகராறு எழலாம். இவர்கள் எழுதி வைப்பது மிகவும் அவசியம். பழங்குடியினரும் பெண்களும் வருமான வரம்பின்றி, சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்.

மாதச் செலவுக்கு வழி

நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் மிளகுப் பணத்தில் ஒரு பகுதியைப் பெரியவர் பெயரிலேயே தபால் நிலையத்தில் போடலாம். மாத வருமானத் திட்டத்தில் மாதந்தோறும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் வட்டி வரும். நிலம் பெயர் மாறினால், நிலவுடைமையை வைத்துத் தரப்படும் பி.எம். கிசான் தொகை ரூ.6,000 பெரியவருக்கு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தள்ளிப்போட வேண்டாம்

ஞாபகம் தடுமாறிய பின் எழுதிய பத்திரம் செல்லாமல் போகலாம். பவர் பத்திரமும் கொடுத்தவர் மனநிலை தவறினால் முடிந்துவிடும். எனவே பெரியவர் தெளிவாக இருக்கும்போதே பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது நன்று. கவனிப்பாரற்ற பெரியவர்கள் 14567 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

நிழல் மரத்தை வெட்டிய பின் காப்பிச் செடியைக் காப்பது கடினம். பெரியவருக்கு அவர் தோட்டமே நிழல்.