ஆமைப் பூட்டு எதைக் காக்கும்?

யாழ்ப்பாணத்தில் சாவியைத் திறப்பு என்போம். பூட்டுவதற்கும் அதே சாமான்தான் வேண்டும். ஆனாலும் திரும்பி வந்து திறப்பதையே பெயர் சொல்கிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டனர். அந்த அவசரத்திலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர்கள் உண்டு. சிலருடைய திறப்புப் புத்தளத்து ஓலைக் குடிசை வரை வந்தது. 2002 யுத்த நிறுத்தத்தின் பின் ஊர் பார்க்கப் போனபோது பல வீடுகளில் கூரையில்லை, கதவில்லை, நிலையுமில்லை. திறப்பு இருந்தது; அதை நுழைக்கத் துவாரம் இருக்கவில்லை.

கதவு வழியாக வருபவனைத் தாமதப்படுத்துவதே பூட்டின் வேலை. மீதியை அயலவரும் சட்டமும் பார்க்கவேண்டும். மீளக் குடியேறியவர்களும், புத்தளத்தில் இருந்துகொண்டு யாழ்ப்பாண வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களும் எந்தப் பூட்டு நல்லது என்று கேட்கிறார்கள். அதன் வயிற்றுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பவேண்டியதில்லை.

பழைய பெட்டகப் பூட்டுகள் பலவற்றில் அசையாத தகட்டுத் தடைகள் மட்டுமே இருக்கும். அவற்றில் முட்டாதபடி திறப்பின் பல்லில் வெட்டுகள் இருக்கும். தடைகளில் படாத மெல்லிய கம்பியும் அதைத் திறந்துவிடும்! அடுத்து வந்தது நெம்புப் பூட்டு. உள்ளே சுருள்வில்லோடு பல தகடுகள். ஒவ்வொன்றையும் திறப்பு அதற்குரிய அளவுக்கு உயர்த்தவேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. 1778இல் ரொபர்ட் பரன் என்ற ஆங்கிலேயர் செய்த ஏற்பாடு இது.

இன்று வீட்டுக் கதவுகளில் அதிகம் காண்பது லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860களில் செப்பனிட்ட ஊசிப் பூட்டு. இதன் மூலக்கருத்து, பண்டைய எகிப்தின் மரப்பூட்டிலேயே இருந்தது. ஓர் உருளைக்குள் சுழலும் இன்னொரு சிறு உருளை. இரண்டையும் ஊடறுத்து நிற்கும் ஊசிகள், பெரும்பாலும் ஐந்து. ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டு. சரியான திறப்பு நுழைந்தால் எல்லாத் துண்டுகளின் பிரிவும் உருளைகள் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும், உள்ளுருளை சுழலும். ஒரே ஓர் ஊசி பிசகினாலும் சுழலாது.

திறப்பே இல்லாத பூட்டும் உண்டு. எழுத்து வட்டுகள் நான்கைத் திருப்பிச் சேர்த்தால் திறக்கும் பெட்டியை, 1206இல் எழுதி முடித்த தம் நூலில் அல்-ஜஸரி விவரித்திருக்கிறார். நம் பிள்ளைகள் சூட்கேஸ்களில் எண்களைத் திருப்பும்போது இந்தப் பெயரையும் ஒருமுறை சொல்லிக் கொடுக்கலாமே!

திறக்கவே முடியாத பூட்டு என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சப் பூட்டை 1851இல் ஆல்ஃபிரட் ஹொப்ஸ் ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். நம் ஊர்த் திருடனுக்கோ அத்தனை பொறுமை கிடையாது. அவன் ஆமைப் பூட்டைத் தொடமாட்டான். அது தொங்கும் கொண்டியின் திருகாணியை நெம்புவான். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பூட்டு வாங்கி, கொண்டியை அரை அங்குலத் திருகாணியில் நிறுத்துவது வீண் செலவு. மேலும், வெளியில் தொங்கும் ஆமைப் பூட்டு வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும். நெடுநாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கதவின் உள்ளே பொருத்தும் பூட்டே மேல்.

நம் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உடல் பித்தளையாக இருக்கட்டும். ஊசிப் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து பிசினாகும். பென்சில் கரித்தூள் போதும்.

இனி, திறப்பு யாரிடம் இருப்பது? ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் கஃபாவின் திறப்பை, அதுவரை வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைப்பது பற்றிய அந்நிஸா 58ஆம் வசனத்தை தஃப்ஸீர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்கின்றன. அத்திறப்பு இன்றும் ஷைபா குடும்பத்தாரிடமே இருக்கிறது.

இரண்டாவது திறப்பை அயல்வீட்டில் கொடுப்பவர்கள், யாரிடம் கொடுத்தோம் என்பதைக் காணி உறுதியின் பிரதியோடு எழுதி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை திறந்து பூட்டச் சொல்லுங்கள். நாட்கணக்கில் திறக்காமல் கிடக்கும் பூட்டுத்தான் முதலில் இறுகுகிறது.